நீதி மந்திரிக்கு நான் அனுப்பிய பொதி

1

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது ஆறு, ஆளாக்கியது ஐந்து. ஐந்தில் நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு என்ன கறி சமைத்தார்கள் என்றுகூட அநேகமாய்ச் சொல்லிவிடுவேன். கடைசிப் பிள்ளை பாலன் மட்டும் இத்தனை வருஷம் என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தான். அவன் நாளைக் காலை விமானத்தில் ஒக்லாந்துக்கு வருகிறான்.

எழுதிவிட்டு அந்த வசனத்தை மூன்று தரம் பார்த்தேன். சரியாய்த்தான் இருக்கிறது. வருகிறான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் எழுத்து ஒவ்வொன்றும் உழுந்துவடைப் பருமன் இருக்கும். ஒரு பக்கத்தில் பத்து வரிக்குமேல் கொள்ளாது. பேத்தி சுமதியின் பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் வாசிக்கவேண்டும் என்று எழுதினாலும், உங்களுக்கு முன்னால் வேறொரு ஆள் இதைக் கேட்கவேண்டியிருக்கிறது. அது ஏன் என்று போகப்போகத் தெரியும். எனக்கு அவசரமில்லை. அவசரமெல்லாம் இந்த வீட்டில் மற்றவர்களுக்குத்தான்.

மருமகள் வசந்தி காலையிலிருந்து யன்னல் கண்ணாடி துடைக்கிறாள். மூத்தவன் குணம் எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவன். இன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து காரைக் கழுவுகிறான். கழுவின காரையே கழுவுகிறான்.

மற்ற நாட்களில் எங்கள் வீடு இப்படி இராது. ஒடாஹுஹுவில் ரயில் பாதைக்குக் கிட்டத்தான் வீடு. காலை ஏழரைக்குக் குணம் ஒரு பக்கம், மனுரேவாவில் பெட்டி அடைக்கிற வேலைக்கு வசந்தி ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்குச் சுமதி ஒரு பக்கம். பிறகு இந்தத் தெருவில் நானும் தபால்காரனும்தான். அவன் குளிர்காலத்திலும் அரைக்காற்சட்டையோடு சைக்கிளில் வருவான். நான் படலையில் நிற்பேன். கடிதம் இல்லாத நாளில் தூரத்திலேயே கையை விரித்து, "நோ ஜப்பான் டுடே, மம்!" என்பான். அவனுக்கும் எனக்கும் வேறு பேச்சு இல்லை. அதுவே போதுமாயிருந்தது.

2

பாலன் கப்பலில் எஞ்சின் அறை வேலை. எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்தபோது அவனுடைய கப்பல் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் நின்றது. அடுத்து அது போகவேண்டிய துறை கொழும்பு. அவன் திரும்பிக் கப்பலில் ஏறவில்லை. ஒரு சங்கிலிப் பட்டறையில் இரண்டு வருஷம் ஒளித்து வேலை செய்தான். பிறகு பிடித்துவிட்டார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கட்டளையும் ஆயிற்று.

அப்போதுதான் சென்செய் வந்தார்.

சென்செய் என்பது பெயரில்லை. ஜப்பானில் வாத்தியாரும் சென்செய்தான், டொக்டரும் சென்செய்தான். வழக்கறிஞரும் பாராளுமன்ற உறுப்பினரும்கூட சென்செய்தானாம். இவர் கடைசி இரண்டும். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமோ என்று அவரிடம் கேட்கவில்லை.

மறியலில் அடைபட்டுக் கிடந்த பாலனை இவர் தானே போய்ப் பார்த்து, பிணை நின்று வெளியே எடுத்தார். மாதம் ஒருக்கால் குடிவரவுக் கந்தோரில் போய் முகம் காட்டவேண்டும், அந்த ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்று நிபந்தனை. அதன் பிறகுதான் பாலனுடைய கடிதங்கள் ஒழுங்காய் வரத் தொடங்கின.

வழக்கறிஞர் என்றால் எனக்குப் புதினமில்லை. என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரக்கிராசியிடம் முப்பது வருஷம் கிளாக்கராய் இருந்தவர். கோட்டில் நின்று பேசுகிறவர் அப்புக்காத்து, வழக்குக்கு வேண்டிய எழுத்தெல்லாம் எழுதிக் கட்டிக்கொடுக்கிறவர் பிரக்கிராசி. எங்கள் வீட்டில் கறி இல்லாத நாள் இருந்திருக்கிறது, வழக்குக் கதை இல்லாத நாள் இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் நான் சென்செயைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். எந்த ஊர், தகப்பன் என்ன தொழில், எத்தனையாம் தரத்தில் பாஸ் பண்ணினார் என்று எல்லாம். பாலன் ஒருமுறை எழுதினான்: "அம்மா, நான் சாப்பிட்டேனோ எண்டு ஒரு வரி கேட்டிருக்கலாம். நீங்கள் என்ன, சென்செய்க்குப் பொம்பிளை பாக்கிறியளோ?"

சிரித்தாலும் பதில் எழுதினான், நல்ல பிள்ளை. சென்செயின் தகப்பன் துறைமுகத்துக்குக் கிட்டப் பொதுக் குளியல் கடை வைத்திருந்தவர். ஊரார் காசு கொடுத்து வெந்நீரில் குளித்துப் போகிற கடை. பெடியனாய் இருந்தபோது சென்செயின் வேலை விறகு அடுக்குவது. யுத்தம் முடிந்து ஊர் சாம்பலாய்க் கிடந்த காலத்தில் சட்டம் படித்தார். வழக்கறிஞர் சோதனையில் ஐந்து தரம் கோட்டை விட்டு ஆறாம் தரம் தேறினார். அதை வாசித்தபோது எனக்கு அந்த மனிதரை நன்றாய்ப் பிடித்துவிட்டது. முதல் தரத்திலேயே தேறுகிறவனுக்குத் தோற்றவனின் முகம் தெரியாது.

முடிவெட்டுகிற கடைக்கு மேல்மாடியில் கந்தோர். கப்பல்காரர், துறைமுகக் கூலிகள், கை நசுங்கினவர்கள், சம்பளம் கிடைக்காதவர்கள், இவர்கள்தான் அவரிடம் வந்தவர்கள். அந்த நாட்டு வழக்கறிஞர்கள் போட்டிருக்கிற கோட்டில் சூரியகாந்திப் பூப் போல ஒரு தங்கச் சின்னம் குத்துவார்கள், நடுவில் தராசு. இவருடையதில் தங்கம் தேய்ந்து வெள்ளி தெரிகிறதாம். புதுசு கேட்டு வாங்கலாம், ஆனால் தேய்ந்தது குத்துவதுதான் அங்கே பெருமை என்று பாலன் எழுதினான்.

பிறகு அரசியல். முதல் இரண்டு தேர்தலும் தோல்வி. அங்கே தேர்தலுக்கு நிற்கிறவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வான் வண்டியில் ஏறி, ஊர் முழுக்கத் தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு போகவேண்டுமாம். எனக்கு வெட்கமாயிருந்தது, எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஆள் பிடிப்பார்கள். கண் இல்லாத ஒரு சிவப்புப் பொம்மை வாங்கி, நிற்கும்போது ஒரு கண் எழுதி, வென்றால்தான் மற்றக் கண் எழுதுவார்கள். இவருடைய கந்தோர் அலுமாரியில் ஒற்றைக் கண்ணோடு இரண்டு பொம்மை, இரண்டு கண்ணோடு ஐந்து பொம்மை. அந்த ஒற்றைக் கண்ணன்களை அவர் எறியவில்லையாம்.

ஐந்து தரம் வென்றவர்களுக்கு வரிசையில் மந்திரிப் பதவி வரும் என்று பாலன் எழுதியிருந்தான். அதை நான் பெரிதாய் எடுக்கவில்லை.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிபோன் அடித்தது. பாலன். ஜப்பானிலிருந்து பேசுகிற காசுக்கு அவன் எப்போதும் ஓட்டமாய்த்தான் பேசுவான். அன்றைக்குக் கத்தினான்.

"அம்மா! சென்செய் மினிஸ்டர்! நீதி மினிஸ்டர் அம்மா!"

எனக்கு விளங்கவில்லை. குணம் வாங்கிக் கேட்டான். அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிற்று. அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரனை வைத்திருப்பதும் அனுப்புவதும் நீதி மந்திரியின் கையில். பாலனுடைய கடைசி முறையீடு போய்க் கிடப்பது அதே மந்திரியின் கந்தோரில். மந்திரி மனம் வைத்தால், அனுப்பவேண்டியவனையும் இருக்கவிடலாம். அவன் அங்கே சட்டப்படி இருக்கிறான் என்று ஒரு கடுதாசி காட்டினால், இங்கே விசா கொடுக்க யோசிப்போம் என்று நியூசிலாந்துக் கந்தோரில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

நான் அன்றைக்கே பாயாசம் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சமோவா அம்மாவுக்கு ஒரு கிண்ணம். மூலையில் பாலும் பாணும் விற்கிற டெயரிக் கடை மூர்த்திக்கு ஒரு கிண்ணம். மூர்த்தி பீஜிக்காரர், பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம்.

"என்னம்மா, ஜப்பான் மந்திரி உங்க சம்பந்தியா? இவ்வளவு முந்திரி போட்டிருக்கீங்க?"

"சம்பந்தி இல்லை. என்ர மகன்ர வழக்கறிஞர்."

"அப்ப நமக்கும் சொல்லுங்கம்மா, நம்ம அண்ணன் பையன் விசாவும் இழுத்துக்கிட்டு கிடக்கு."

வீட்டுக்கு வந்தால் குணம் என் பாயாசத்தில் தண்ணீர் ஊற்றினான். "அம்மா, அவர் முந்திப் பாலன்ர லோயர். தானே கையெழுத்து வைக்கமாட்டார். கீழ இருக்கிற ஆக்கள்தான் பாத்து முடிவு சொல்லுவினம். நாங்கள் பேசாமல் இருக்கோணும்."

பேசாமல் இருப்பது! என் வீட்டுக்காரர் வேலை செய்த பிரக்கிராசியார் நீதவானாகப் போன அன்று, அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த அத்தனை பேரும் தட்டத்தோடு போனார்கள். வெற்றிலை, பாக்கு, தேசிக்காய், கதலிக் குலை. ஒருவர் ஆட்டுக்கிடாயையே இழுத்துக்கொண்டு வந்தார். நாங்களும் போனோம். போகாத ஒரு வீட்டைப் பற்றி ஊர் ஒரு வருஷம் கதைத்தது. பெரிய மனிதர் ஒருவர் பதவி ஏறினால் வெறுங்கையோடு இருப்பது அவமரியாதை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்து வளர்ந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்று. பெட்டிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரருடைய பட்டுச் சால்வையை எடுத்தேன். கல் வைத்த மோதிரத்தை எடுத்தேன். அது அவர் செத்த பிறகு நான் யாருக்கும் கொடாமல் வைத்திருந்தது. ஒரு தேசிக்காயும் வைத்துக் கட்டினேன். சுமதியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தேன்.

"இது அலவ்ட்டா, அப்பம்மா?"

"கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டம் குடுக்கிறது அலவ்ட்டோ இல்லையோ?"

"ஐ டோன்ட் நோ."

"அப்ப பேசாமல் மந்திரியின்ர விலாசத்தை எழுது. அப்பாவுக்குச் சொல்லாதை."

சுங்கத்துக்குப் பச்சைத் துண்டு ஒன்று ஒட்டவேண்டும் என்றார்கள். உள்ளே என்ன, வியாபாரச் சாமானோ, அன்பளிப்போ? சுமதி அன்பளிப்பு என்ற இடத்தில் அடையாளம் போட்டாள். பழம் அனுப்பக்கூடாது என்று கவுண்டரில் நின்ற பெண் தேசிக்காயை வெளியே எடுத்து என் கையில் தந்தாள். தேசிக்காயைப் பிடித்தார்கள், மோதிரத்தை விட்டுவிட்டார்கள்.

4

ஐந்தாறு கிழமைக்குப் பிறகு பொதி திரும்பி வந்தது. சால்வை நான் மடித்ததைவிடத் திருத்தமாய் மடித்திருந்தது. மோதிரம் ஒரு சின்னப் பெட்டிக்குள், பஞ்சு வைத்து. மேலே இங்கிலீசில் அடித்த கடிதம். அன்றைக்கு வசந்தி வேலைக்குப் போயிருந்தாள், குணம் சளி என்று வீட்டில் நின்றான். ஒளிக்க முடியவில்லை.

வாசித்துக்கொண்டே அவன் கதிரையில் இருந்துவிட்டான்.

"அம்மா, ஆரைக் கேட்டு அனுப்பினனீங்கள்?"

"ஆரைக் கேக்கோணும்? என்ர மோதிரம்."

"இது லஞ்சம் அம்மா!"

"என்னடா கதைக்கிறாய்? லஞ்சம் எண்டால் ஒளிச்சுக் குடுக்கிறது. நான் றெஜிஸ்தர் தபாலில அனுப்பினனான்!"

அவன் சிரிக்கவில்லை. கடிதத்தைத் தமிழில் சொன்னான். முடிவு ஆகாத ஒரு வழக்கின் குடும்பத்திடமிருந்து மந்திரிக்குப் பொருள் வந்திருக்கிறது. அதை வாங்க முடியாது. வந்தது பதிவாகிவிட்டது. ஆகவே அவர் பதவியில் இருக்கும்வரை அந்தக் கோப்பு மேலே வராது, அவருக்குப் பின் வருகிறவர் பார்ப்பார்.

"கீழ இருக்கிறவை பாத்து முடிச்சிருப்பினம் அம்மா. இனி இந்தப் பொதியைப் பாத்த பிறகு ஆர் துணிஞ்சு அதைத் தூக்கிக்கொண்டு போவான்? பெடியன்ர அலுவலை நீங்களே பூட்டிப்போட்டியள்."

கடிதத்தின் அடியில் பேனையால் இரண்டு வரி எழுதியிருந்தது. அது அடித்த எழுத்தைப்போல இல்லை, ஒரு மனிதனுடைய கை. குணம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் சொன்னான். 'உங்கள் மகனுக்கு இதை நான் சொல்லமாட்டேன். பொறுத்திருங்கள்.'

5

இனி எழுதப்போவது எனக்குப் பெருமையில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாதங்கள் போயின. பாலனுடைய கடிதங்கள் சிறுத்தன. ஒன்றில் இப்படி எழுதினான்: "கந்தோருக்குப் போனால் சென்செயின் உதவி வழக்கறிஞர் தேத்தண்ணி தருகிறார், பதில் தரவில்லை. மனிதர் மந்திரியானதும் என்னை மறந்துவிட்டார்."

குணம் சொன்னான்: "நீங்களே அவனுக்கு எழுதுங்கோ. நான் எழுதமாட்டன்."

நான் எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமோ? 'பெரிய பதவி வந்தால் மனிதர் அப்படித்தான் மோனே. கடவுளை நம்பு.' இந்தக் கையால்தான் எழுதினேன். உன்னுடைய கதவை நானே சாத்தினேன் என்று எழுத ஐந்து பிள்ளை வளர்த்த என் கை மறுத்தது.

அதோடு விட்டேனோ? மூர்த்தியின் கடையில் பாற்போத்தலை வைத்துவிட்டு, "அந்த ஜப்பான்காரனை நம்பினது என்ர பிழை" என்றேன்.

"வக்கீல் கோட்டைக் கழட்டினா எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் மூர்த்தி.

ஓம் என்று தலையாட்டினேன். 

அந்த நாட்டில் மந்திரிமாரை வருஷத்துக்கு வருஷம் மாற்றுவார்களாம். ஒரு வருஷம் முடிய முன்னரே சென்செயின் பதவி போயிற்று. பாலன் டெலிபோனில் சொன்னபோது அவனுடைய குரலில் ஒன்றும் இல்லை. "முடிஞ்சுது அம்மா. இருந்தபோதே செய்யாத மனிசன்."

முடியவில்லை! அதைத்தான் சொல்ல வருகிறேன். பதவி போய் மூன்றாம் நாள், அறுபது வயது கடந்த அந்த மனிதர் முடிவெட்டுகிற கடையின் படியேறி மேலே போனார். தேய்ந்த சூரியகாந்தியை எடுத்துக் கோட்டில் குத்தினார். பாலனைக் கூப்பிட்டு, 'இனி நான் உன் வழக்கறிஞர்' என்றார். சங்கிலிப் பட்டறை முதலாளியிடம் தானே போய் நற்சான்று எழுதி வாங்கினார். ஊரில் பாலனுடைய வயதுப் பெடியன்களுக்கு என்ன நடக்கிறது என்று கட்டுக் கட்டாய்த் தாள் சேர்த்தார். நேற்றுவரை தன்னைக் கண்டு எழுந்து நின்ற உத்தியோகத்தர்களுக்கு முன்னால், மர வாங்கில் வரிசையாய் இருந்து, முறை வந்தபோது எழுந்து குனிந்து வணங்கி மனுக் கொடுத்தார். மந்திரியாய் இருந்தவர்! யாழ்ப்பாணத்தில் நீதவானாய் இருந்த ஒருவர் திரும்பிவந்து கோட்டு வாசலில் வழக்குக் கட்டுத் தூக்கியதை நான் கண்டதில்லை.

பாலன் கேட்டானாம், அப்போது ஏன் செய்யவில்லை என்று.

"அப்போது முடியாமல் இருந்தது" என்றாராம். 

அந்தக் கடிதத்தை வசந்தி எனக்கு வாசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழும்பவில்லை.

"மாமி, பால்!"

"வழியட்டும்."

நாலு மாதத்தில் அனுமதி வந்தது. புது மந்திரியின் முத்திரையோடு. அந்தக் கடுதாசியைக் கொண்டுபோய்க் குணம் இங்கே காட்டினான். இன்னும் ஆறு படிவம், இரண்டு எக்ஸ்ரே, பொலிஸ் சான்று ஒன்று. போன மாதம் விசா வந்தது. தபால்காரன் தூரத்திலிருந்தே, "ஜப்பான், மம்! பிக் வன்!" என்று கத்தினான். நான் அவனுடைய சைக்கிளையே கட்டிப்பிடித்துவிட்டேன்.

6

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மீன் சமைப்பதில்லை. நாளைக்குத்தான், விரால் இங்கே கிடையாது, இங்கத்தைய ஸ்னப்பர் மீனில் ஒரு குழம்பு வைப்பேன். அவனுக்குக் கட்டில் போட்டாயிற்று. சுமதி இங்கிலீசில் பெரிய எழுத்தில் 'வெல்கம்' என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான் கேட்டேன், தமிழில் எழுதினால் என்ன என்று. "ஹி கேன் ரீட் இங்லிஷ், அப்பம்மா" என்றாள். பரவாயில்லை, ஒட்டினாளே. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இருந்து இருந்து எழும்பி யன்னலால் பார்க்கிறேன், இன்றைக்கே வந்துவிடுவானோ என்பதுபோல.

ஆனால் பாலனுடைய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 'சென்செய் நல்ல மனிதர்தான். ஆனால் கதிரையில் இருந்தபோது பயந்துவிட்டார்.'

பயந்தவர் அவரில்லை. அவர் ஒருநாளும் வாய் திறக்கமாட்டார். கடிதத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு செத்தும் போவார். தன் பெயரில் ஒரு குறை கிடக்க, என் பெயர் என் பிள்ளைக்கு முன்னால் சுத்தமாய் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அது எனக்குப் பெருமையோ? இல்லை. இந்த வயதில் ஒரு அந்நிய மனிதரின் தயவில் நான் நல்ல தாய் என்று பெயர் எடுக்கவேண்டிய தேவை இல்லை. பாலன் கோபிக்கட்டும். ஒரு வருஷம் போயிற்றே என்று கத்தட்டும். என் முகத்தைப் பாராமல் இருக்கட்டும். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. சரியான ஆளிடம் கோபிக்கட்டும்.

எழுதி முடித்துச் சுமதியைக் கூப்பிட்டேன். அவள் இங்கே வரும்போது எட்டு வயது, ஊரில் படித்த தமிழ் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் திக்கும்.

"நாளைக்குச் சாப்பாடு முடிய, சித்தப்பாவுக்கு இதை வாசிக்கோணும்."

"நானோ? வை மீ? நீங்களே சொல்லலாம்தானே?"

"நான் வாயால தொடங்கினால் பாதியில மாத்திப்போடுவன். எழுதினதை மாத்தேலாது. நீ இரு, இப்ப ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு பாப்பம். மெதுவா. ஒரு சொல்லும் விடாதை."